எடை அதிகம், அனுபவம் குறைவு, ஆட்கள் இரண்டு: எந்த டிங்கி எடுப்பது? முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியிலோ கடலூரிலோ இருக்கும் இரண்டு பேர், ஆளுக்கு 90, 100 கிலோ, எங்கோ ஒரு கிளப்பில் அடிப்படைப் பயிற்சி முடித்திருக்கிறார்கள், இப்போது சொந்தமாகப் பாய்மர டிங்கி (சின்னத் திறந்த பாய்ப்படகு) ஒன்று எடுக்க நினைக்கிறார்கள். இந்தப் பதிவு அவர்களுக்காக. நண்பர்களாக இருக்கலாம், கணவன் மனைவியாக இருக்கலாம், மாமன் மச்சானாக இருக்கலாம், கணக்கு ஒன்றுதான். டிங்கி பற்றி வரும் பரிந்துரைகளில் பெரும்பாலானவை 65, 70 கிலோ ஆட்களை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை, அதனால் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகத்தைப் பார்க்காதீர்கள், மலிவாகக் கிடைக்கிறதே என்றும் எடுக்காதீர்கள். தண்ணீரில் விழுந்த பிறகு நீங்கள் இரண்டு பேரும் வேறு யார் உதவியும் இல்லாமல் திரும்ப ஏறி உட்கார முடிகிற படகுதான் உங்கள் படகு.

முதலில் தராசு

இரண்டு பேரும் எடை பாருங்கள், கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை. வெறும் உடம்பு எடை மட்டும் போதாது. நனைந்த உடை, லைஃப் ஜாக்கெட், செருப்பு, தண்ணீர் கேன், சின்ன நங்கூரம், கயிறு, துடுப்பு எல்லாம் சேரவேண்டும். ஒருவர் 104, இன்னொருவர் 93 என்றால் சாமானோடு 215 கிலோவுக்கு மேல் வந்துவிடும். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், விற்பவரிடம் பேசும்போது முதல் கேள்வியே இதுதான்.

ஐரோப்பாவில் செய்த படகுகளில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். அதில் எத்தனை பேர், எத்தனை கிலோ, எந்த வகைத் தண்ணீர் என்று போட்டிருப்பார்கள். ஆள் எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கிலோவைப் பாருங்கள், ஏனென்றால் அந்தக் கணக்கில் ஒரு ஆள் என்றால் 75 கிலோ. "இரண்டு பேர்" என்று போட்ட படகு உங்கள் இரண்டு பேருக்கும் சரியாக வரும் என்று அர்த்தமில்லை. தகட்டில் சி என்ற எழுத்து இருந்தால் கரையோரக் கடல் வரை தாங்கும் வடிவமைப்பு, டி என்றால் ஆறு, சின்ன ஏரி, கால்வாய் போன்ற அமைதியான தண்ணீருக்கு மட்டும்.

எடை என்ன செய்யும்

எடை எல்லா விதத்திலும் பாதகம் என்று நினைக்கவேண்டாம். காற்று ஏறும்போது படகு சாயும், அதை ஓரத்தில் உட்கார்ந்து உடம்பால்தான் நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். ஒல்லியான இரண்டு பேர் பாயைத் தளர்த்தி விட்டுத் தடுமாறும் காற்றில் நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பீர்கள். கவிழ்ந்த படகை நிமிர்த்துவதற்கும் எடை கைகொடுக்கும். மெல்லிய காற்றில் மட்டும் மற்றவர்களைவிட மெதுவாகப் போவீர்கள், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

சிக்கல் சின்னப் படகில்தான். படகின் உடல் சின்னதாக இருந்தால் பின்பலகை, அதாவது படகின் பின்பக்கச் சுவர், தண்ணீருக்குள் அமிழ்ந்துவிடும். ஓட்டிப் பார்க்கும்போது திரும்பிப் பாருங்கள்: சரியாக மிதக்கும் படகின் பின்னால் தண்ணீர் வழுவழுவென்று பிரிந்துபோகும், அமிழ்ந்த படகின் பின்னால் தண்ணீர் சுழன்று கொப்பளித்துக்கொண்டே கூட வரும், களகளவென்று சத்தமும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் ஒரு அடி முன்னால் நகர்ந்து உட்காருங்கள். நகர்ந்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் அந்தப் படகு உங்களுக்குச் சின்னது, அவ்வளவுதான். இன்னொன்று, குறுகலான படகில் 100 கிலோ ஆள் சட்டென்று ஒரு பக்கம் நகர்ந்தால் அந்த அசைவே படகைக் கவிழ்த்துவிடும். அனுபவசாலி எடையை மெதுவாக மாற்றத் தெரிந்தவர், புதியவர் பதற்றத்தில் தாவுவார். அதனால்தான் நீளத்தைவிட அகலத்துக்கு நான் அதிக முக்கியத்துவம் கொடுக்கிறேன்.

எந்தத் தண்ணீரில் ஓட்டப்போகிறீர்கள்

படகைத் தேடுவதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். புதுச்சேரியில் புதியவர்களுக்கு ஏற்றது சுண்ணாம்பாறு, நோணாங்குப்பம் படகு இல்லத்துக்குக் கீழே முகத்துவாரம் வரையிலான பகுதி. அங்கே சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன, படகு இல்லத்தாரிடம் முறையாகக் கேட்டுவிட்டு இறங்குங்கள். கடலூரில் பழைய நகரத்துப் பக்கம் உப்பனாறு இருக்கிறது, ஆனால் மீன்பிடிப் படகுகள் போக வரும் வழி என்பதால் நடுவில் நின்று திருப்பிப் பழகும் இடம் அது இல்லை. அதிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்துக்குள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், இடமே இருக்காது. ஊசுட்டேரி பார்க்க ஆசையாக இருக்கும்தான், ஆனால் அது பறவைகள் சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாமல் அதை யோசிக்கவே வேண்டாம்.

திறந்த கடற்கரை, அதாவது தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையோ வீராம்பட்டினமோ, முதல் வருடத்துக்கு வேண்டாம் என்பேன். நம் கரையில் அலை கரைக்கு வெகு அருகில் வந்துதான் உடையும். 170 கிலோ படகை அந்த அலைக்குள் இரண்டு பேர் தள்ளி, அதில் ஏறி, சுக்கானை இறக்கி, பாயை இழுப்பதற்குள் அடுத்த அலை வந்துவிடும்.

ஆற்றுத் தண்ணீர் என்றதும் படகில் ஒரு விஷயம் முடிவாகிவிடுகிறது. முகத்துவாரத்து மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், போன மாதம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த மாதம் முட்டளவு தண்ணீர்தான் இருக்கும். அதனால் படகின் நடுவில் இறங்கும் பலகை கீல் வைத்து மடிகிற சென்டர்போர்டாக இருக்கவேண்டும், மணலில் இடித்தால் தானாகப் பின்னால் மடிந்துவிடும். நேராகச் செருகும் டேகர்போர்டு இடித்தால் படகு அப்படியே நின்றுவிடும், நீங்கள் இரண்டு பேரும் முன்னால் போய் விழுவீர்கள், பலகையின் கூடும் விரிசல் விடும். சுக்கானும் தூக்கிக் கட்டுகிற வகையாக இருக்கட்டும்.

காற்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் காலையில் மேல்காற்று, அதாவது தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பும். தேங்காய்த்திட்டில் மீன்பிடிக்கும் பெரியவர் ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "காலையில அடிக்கிற மேல்காத்த நம்பி வெளிய போவாதீங்க தம்பி, போறது சுலுவு, வர்றதுதான் பாடு." கரையோரம் தண்ணீர் தட்டையாக, அழகாகத் தெரிவதும் அந்தக் காற்றில்தான், அதுதான் புதியவர்களை ஏமாற்றும். பழகுவதற்கு நல்ல மாதங்கள் என்றால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. 10 நாட்டுக்கு (knot, மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) மேல் காற்று இருந்தால் முதல் சில மாதங்கள் கரையிலேயே இருங்கள். தண்ணீரில் வெள்ளை நுரை அங்கங்கே இல்லாமல் எங்கு பார்த்தாலும் தெரிகிறது என்றால் அந்த அளவைத் தாண்டிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

அளவுகள்

நீளம் நாலரை மீட்டரும் அதற்கு மேலும், அகலம் 1.8 மீட்டரை ஒட்டி. வெறும் படகின் எடை உங்கள் இருவர் எடையில் பாதிக்குக் கீழே போகக்கூடாது என்பது என்னுடைய கணக்கு. இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் பொருந்தாத படகுகளை இது சீக்கிரம் கழித்துவிடும்.

எண்களை முடித்துவிட்டுப் படகில் உட்கார்ந்து பாருங்கள், தரையிலேயே. இரண்டு பக்கமும் பழைய டயர் கொடுத்துப் படகை அசையாமல் நிறுத்தி, பாய்மரத்தை நட்டு, பாயின் அடியைப் பிடிக்கும் கிடைக்கம்பான பூமையும் மாட்டச் சொல்லுங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஏறுங்கள். ஒருவர் பூமை மெதுவாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளட்டும், நீங்கள் குனிந்து அடியில் நுழைந்து எதிர்ப்பக்கம் போய் உட்காருங்கள். உடம்பு பெரிதாக இருப்பவர்களுக்கு முழங்காலும் இடுப்பும் இங்கேதான் பேசும். பூமுக்கும் தரைக்கும் நடுவே தவழ்ந்துதான் போகமுடிகிறது என்றால் காற்றில் படகைத் திருப்பும்போது ஒவ்வொரு முறையும் தலையில் அடி வாங்குவீர்கள். நடுவில் குறுக்குப் பலகை இருக்கிறதா, அதில் முட்டி இடிக்கிறதா, ஓரத்தில் உட்காரும் இடம் தொடையைத் தாங்கும் அகலம் இருக்கிறதா, காலை மாட்டிக்கொள்ளும் பட்டை உங்கள் கால் நீளத்துக்கு மாற்றக்கூடியதா, இதையெல்லாம் நிதானமாகப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் படட்டும்.

பாய் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மெயின் பாய் (பெரியது), ஒரு ஜிப் (முன்னால் கட்டும் சின்னப் பாய்), போதும். மெயின் பாயைக் குறைத்துக் கட்ட வழி இருக்கவேண்டும், ஜிப் சுருட்டிக்கொள்ளும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. பெரிய பலூன் பாய் கூட வந்தால் வீட்டில் வையுங்கள். டிரப்பீஸ் கம்பியில் தொங்கி ஓட்டும் படகு இப்போதைக்கு வேண்டாம்.

பெயர் சொல்லிப் பார்ப்போம்

வேஃபேரர். இயன் பிராக்டர் 1957ல் வடிவமைத்தது, 4.82 மீட்டர் நீளம், 1.85 மீட்டர் அகலம், வெறும் உடல் ஏறக்குறைய 169 கிலோ. உங்கள் தேவைக்கு இதைவிடப் பொருத்தமான படகு இல்லை என்றே சொல்வேன். 1963ல் ஃபிராங்க் டை என்பவர் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு இந்த வகைப் படகில் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து வரை போனார். நீங்கள் சுண்ணாம்பாற்றைத் தாண்டாவிட்டாலும், படகின் தாங்கும் திறன் அதில் தெரிகிறது. குறை என்னவென்றால் கனம். மணலில் இழுக்க அகலமான பலூன் சக்கரம் வைத்த தள்ளுவண்டி இல்லாமல் முடியாது.

ஆர்.எஸ். வென்ச்சர் இதே அளவில் புதுக்காலப் படகு, பின்பக்கம் திறந்தது, ஏறுவது சுலபம். அதன் தம்பி ஆர்.எஸ். குவெஸ்ட் 4.29 மீட்டர்தான் என்றாலும் அகலம் தாராளம், உறுதியான பிளாஸ்டிக் உடல், கரையில் இடித்தாலும் தாங்கும். 200 கிலோவுக்குள் இருக்கும் ஜோடிக்கு அது சரிப்படும்.

ஜிபி14, ஜாக் ஹோல்ட் வடிவமைப்பு, 4.27 மீட்டர், 133 கிலோ. நிதானமான படகுதான், ஆனால் அகலம் குறைவு, 180 கிலோவுக்கு மேல் என்றால் நெருக்கடியாக இருக்கும்.

என்டர்பிரைஸ் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தியாவில் பழைய படகு தேடினால் கண்ணில் படுவது பெரும்பாலும் அதுதான். நீலப் பாய், 4.04 மீட்டர், 90 கிலோ. அருமையான படகு, ஆனால் உங்களுக்கு இல்லை. பக்கச் சுவர் தாழ்வு, துள்ளும் குணம், பழையவை கவிழ்ந்தால் தண்ணீரை நிறைய அள்ளிக்கொண்டு எழும். 420 இன்னும் பொருந்தாது, இரண்டு பேரும் சேர்ந்து 110 முதல் 145 கிலோ இருப்பவர்களுக்கான பந்தயப் படகு அது. லேசர் ஒரே ஆளுக்கானது. நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் ஒலிம்பிக்கில் ஓட்டியதைப் பார்த்துவிட்டு அதே மாதிரி ஒன்று எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அவர்கள் ஓட்டுவதைப் பார்த்து உற்சாகப்படுங்கள், படகை மட்டும் அதை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஹோபி 16 என்ற இரட்டை உடல் படகையும் சிலர் சொல்வார்கள். 2.41 மீட்டர் அகலம், சென்டர்போர்டே கிடையாது, மணலில் நேராக ஏற்றிவிடலாம். கவிழ்ந்தால் நிமிர்த்த எடை வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. ஆனால் வேகம் எடுத்தால் மூக்கு தண்ணீருக்குள் குத்தித் தலைகுப்புறப் புரளும், அதைச் சமாளிக்கக் கை பழகியிருக்கவேண்டும். இரண்டாவது படகாக யோசியுங்கள்.

பழைய படகைத் தட்டிப் பார்ப்பது

சென்னையில் 1911லிருந்து இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் ஆகியவற்றின் வட்டாரத்தில் விசாரித்தால் யார் எதை விற்கிறார்கள் என்று தெரியவரும்.

படகின் உடலை விரல் முட்டியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் மாறித் தொப்பென்று கேட்கும் இடத்தில் ஃபைபர் அடுக்கு விட்டுப்போயிருக்கிறது. உட்காரும் ஓரத்தில் முழு எடையோடு அழுத்தி உட்காருங்கள், அமுங்கினால் கவனம், உங்கள் எடைக்கு அது இன்னும் சீக்கிரம் விட்டுப்போகும். காற்று அறையின் (படகை மிதக்க வைக்கும் மூடிய அறை) மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மூடி வழியாக ஒரு குழாய் வைத்து மெதுவாக ஊதி, விளிம்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் ஒரு இழை தெறித்திருந்தாலும் முழுக்கம்பியை மாற்றவேண்டும். நம் உப்புக் காற்றில் அலுமினியப் பாய்மரமும் ஸ்டீல் ஆணியும் சேரும் இடம் வெள்ளைப் பொடியாக அரித்திருக்கும், அதைச் சுரண்டிப் பாருங்கள்.

ஃபைபர் வேலை பயப்படும் விஷயம் இல்லை. மீன்பிடிப் படகுகளுக்குக் கண்ணாடி இழை மேட்டும் (mat) ரெசினும் வைத்து ஒட்டும் கைதேர்ந்தவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்: டிங்கி எடை கூடக்கூடாது, மீன் படகுக்குப் போடுகிற அளவு கனமாகப் போடவேண்டாம்.

தண்ணீரில் செய்யவேண்டிய சோதனை

பணம் கொடுப்பதற்கு முன்னால், அமைதியான ஒரு காலையில், பக்கத்தில் ஒரு மோட்டார் படகை நிறுத்திக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

இரண்டு பேரும் ஏறி நடுவில் உட்காருங்கள், பாய் வேண்டாம். தானாகத் தண்ணீர் வடியும் என்று சொல்லப்படும் படகுகளில் தரை, வெளித் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாக இருப்பதால்தான் வடிகிறது. உங்கள் எடையில் தரை அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் வடிகுழாய் வழியாகத் தண்ணீர் உள்ளேதான் வரும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து காலடியைப் பாருங்கள். கணுக்கால் நனைந்தால் முடிவு தெரிந்துவிட்டது.

அடுத்து பாயை ஏற்றி, ஆழம் போதுமான இடத்தில், வேண்டுமென்றே கவிழுங்கள். ஆழம் ஏன் என்றால் ஆறு ஏழு மீட்டர் பாய்மரம் சேற்றில் குத்தி மாட்டிக்கொள்ளும், சுண்ணாம்பாற்றில் பல இடங்களில் அதுதான் நடக்கும். மரத்தின் உச்சியில் ஒரு மிதவை கட்டியிருந்தால் படகு முழுக்கத் தலைகீழாகப் புரளாது, இதை வாங்கியே ஆகவேண்டும். கவிழ்ந்து பக்கவாட்டில் கிடக்கும்போது சென்டர்போர்டு கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். பக்கங்களில் காற்று அறை மிகப் பெரிதாக இருக்கும் படகுகள் உயரமாக மிதக்கும், பலகை தலைக்கு மேலே போய்விடும், கனமான ஆள் அதில் தொற்றி ஏறுவது பெரும்பாடு.

பாய்க்கயிறுகளைத் தளர்த்திவிடுங்கள். ஒருவர் படகின் உள்பக்கம், தண்ணீரில் மிதந்தபடி, காலை மாட்டும் பட்டையைப் பிடித்துக்கொள்ளட்டும். மற்றவர் சுற்றிப்போய்ச் சென்டர்போர்டில் ஏறட்டும், ஆனால் நுனியில் நிற்கக்கூடாது, படகின் உடலை ஒட்டி அடியில் நிற்கவேண்டும். 100 கிலோ நுனியில் நின்றால் பலகை முறியும். அவர் பின்னால் சாயச் சாயப் படகு நிமிரும், உள்ளே இருப்பவரைப் படகே அள்ளித் தூக்கிக்கொள்ளும். இப்போது ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. உண்மையான சோதனை இங்கேதான். வெளியே இருப்பவர் பின்பலகை வழியாக ஏறிப் பார்க்கட்டும், சுக்கானைப் பிடித்துத் தொங்காமல். உள்ளே இருப்பவர் படகைச் சமமாக வைத்திருக்கட்டும். கைகளால் மட்டும் உடம்பைத் தூக்க நம்மில் பலராலும் முடியாது, அதனால் கயிற்று வளையம் ஒன்று வேண்டும்: பின்பக்கம் உறுதியான இடத்தில் கட்டி, தண்ணீருக்குள் முட்டி மடக்கிக் கால் வைக்கும் ஆழத்தில் தொங்கவிட்டு, வளையத்தின் அடிப்பகுதியில் தோட்டத்துக் குழாய்த் துண்டு ஒன்றைக் கோத்துவிடுங்கள். குழாய் இல்லாவிட்டால் வளையம் மூடிக்கொண்டு கால் நுழையாது.

அப்புறம் இரண்டு பேரும் இடம் மாறி மறுபடி செய்யுங்கள். பிறகு களைத்த நிலையில் இன்னொரு முறை. ஒருவரால் முடிந்து மற்றவரால் முடியவில்லை என்றால் அந்தப் படகை எடுக்காதீர்கள், விலை எவ்வளவு குறைத்தாலும்.

கூட வாங்கவேண்டியவை, வைக்கும் இடம்

50 நியூட்டன் (மிதப்பு விசையின் அளவு) மிதவை ஜாக்கெட், மார்பளவு பார்த்து. எடை கூடினால் மிதப்பும் அதே அளவு கூடவேண்டும் என்பதில்லை, உடம்பில் இறுக்கமாக நின்று மேலே ஏறாமல் இருப்பதுதான் முக்கியம். இரண்டு துடுப்பு, ஒரு வாளி, நங்கூரம், விசில், தண்ணீர் புகாத உறையில் போன். கடலோரக் காவல்படை உதவி எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093, இரண்டையும் கரையில் காத்திருப்பவர் போனிலும் சேமித்து வையுங்கள். பாய்மரத்தை நட்டபடி படகைத் தள்ளிப்போகும்போது மேலே மின்கம்பி இருக்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே வரவேண்டும், அலுமினிய மரம் கம்பியில் பட்டால் உயிர் போய்விடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை படகைத் தண்ணீர் பக்கமே வைக்காதீர்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது, ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30ல் புதுச்சேரிக்கு அருகில். மரத்தை இறக்கி, பாயை நல்ல தண்ணீரில் கழுவி வீட்டுக்குள் எடுத்துப்போய், படகைக் கவிழ்த்துப் போட்டு, தரையில் அடித்த முளைகளில் நாலு பக்கமும் கட்டுங்கள். காற்று அறை மூடிகளை மட்டும் கழற்றித் திறந்தே விடுங்கள், நம் வெயிலில் மூடியே கிடந்தால் உள்ளே காற்று விரிந்து ஒட்டு விட்டுப்போகும். ஜனவரியில் திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையங்கள் காய்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள்.